பந்து வராத இடம்

"இதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று கேட்டார் அம்பலவாணன்.

கேட்கப்பட்டவர் நிமிரவில்லை. தரையில் பதித்திருந்த வெள்ளை ரப்பர் பலகையின் மேல் கிடந்த மண்ணைக் குனிந்து ஒரு சின்ன பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் புனிதவதி. யாழ்ப்பாணத்துக்காரர். வயது நாற்பது. டொராண்டோவில் வாரம் ஐந்து நாள் பஸ் ஓட்டுகிறார். சனிக்கிழமைகளில் பூங்கா மைதானத்தில் பேஸ்பால் நடுவர்.

அம்பலவாணனுக்கு அறுபத்தாறு. கோவில்பட்டியில் முப்பத்திரண்டு வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவர். ஹாக்கி சொல்லிக்கொடுத்தவர். மகளைப் பார்க்கக் கனடா வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஒரு மைதானத்திலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார்.

வெளியேற்றியவர் புனிதவதி.

நடந்தது இதுதான். போன சனிக்கிழமை மகள் முத்தரசி வெறிகொண்டு ஓடிவந்து, மண்ணில் சறுக்கி, அந்த வெள்ளைப் பலகையைத் தொட்டாள். பந்தோடு காத்திருந்த எதிரணிக்காரனும் தன் கையுறையால் அவளைத் தொட்டான். யார் முந்தி என்பதுதான் கேள்வி.

நடுவர் முஷ்டியை உயர்த்தினார். அவுட்.

அம்பலவாணன் எழுந்து நின்று கத்தினார். "குருட்டுக் கழுதை! கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?"

சுற்றி இருந்த யாருக்கும் புரியாது என்ற தைரியம்.

நடுவர் முகக் கவசத்தைக் கழற்றினார்.

"ஐயா, கழுதைக்குத் தமிழ் தெரியும். வெளியில போங்கோ."

வீட்டுக்கு வந்ததும் முத்தரசி ஒன்றே ஒன்று சொன்னாள். "அந்த அக்காகிட்டப் போய்ப் பேசிட்டு வாங்க. அதுவரைக்கும் என் ஆட்டத்துக்கு வராதீங்க."

பேசத்தான் வந்திருந்தார். மன்னிப்புக் கேட்க அல்ல.

"உங்களத்தான் கேக்கேன். இது விளையாட்டா?"

"உங்களுக்கு என்ன மாதிரித் தெரியுது?"

"மோசடி மாதிரி தெரியுது. ஒருத்தன் பந்த வச்சுக்கிட்டு மலைச்சுப்போய் நிக்கான். இன்னொருத்தன் மட்டையத் தூக்கிட்டு நிக்கான். எறிஞ்சா இவன் அடிக்க மாட்டேங்கான். மறுபடியும் ரெண்டு பேரும் நிக்காங்க. நடுவுல எச்சி துப்புதான். மூணு மணி நேரம்! எங்க ஊரு ஹாக்கியில பந்து நின்னா ஆட்டம் செத்துப்போச்சுன்னு அர்த்தம். இங்க நிக்கிறதுதான் ஆட்டம்!"

"ஓம்."

"என்ன ஓம்?"

"நிக்கிறதுதான் ஆட்டம்."

அம்பலவாணனுக்கு முகம் சிவந்தது. "கேலி பண்ணுதீங்களா?"

புனிதவதி பிரஷ்ஷைப் பைக்குள் வைத்தார்.

"இண்டைக்கு மத்தியானம் ஆட்டம் இருக்கு. வேலிக்கு அங்கால இருந்து பாருங்கோ. அது றோட்டு. உங்களை ஒருத்தரும் எழுப்ப ஏலாது. ஒண்டு மட்டும் சொல்லுறன். பந்தைப் பாக்காதேங்கோ."

"பந்தைப் பார்க்காம என்னத்தப் பார்க்க?"

"அதை வந்து சொல்லுங்கோ."

வேலிக்கு வெளியே நின்றார் அம்பலவாணன். பந்தையே பார்த்தார். வீம்புக்குப் பார்த்தார். பந்து எங்கே போனாலும் கண் பின்னால் போனது. பெரும்பாலும் அது எறிகிறவன் கையிலிருந்து பிடிக்கிறவன் கைக்குப் போய், மறுபடியும் எறிகிறவன் கைக்கு வந்தது.

ஆட்டம் முடிந்து புனிதவதி வெளியே வந்தார்.

"ஒண்ணுமே நடக்கல" என்றார் அம்பலவாணன்.

"பந்தைப் பாத்தியளோ?"

"பார்த்தேன். அதுக்கென்ன?"

"அதுதான்."

கார்க் கதவைத் திறந்து ஏறிக்கொண்டு புனிதவதி போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க அம்பலவாணன் கொதித்துக்கொண்டிருந்தார். தோசை ஊற்றும்போது கொதித்தார். துணி மடிக்கும்போது கொதித்தார்.

"முப்பத்திரண்டு வருஷம் மைதானத்துல நின்னவன் நான். என்னைப் போயி ரோட்டுல நிக்க வைக்கிறா. வேலிக்கு வெளியே! பிச்சைக்காரன் மாதிரி!"

சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம் இருந்த முத்தரசி நிமிர்ந்தாள்.

"நான் எட்டு வருஷம் இருந்தேனே அப்பா."

"எங்க?"

"உங்க ஸ்கூல் மைதானத்துல. கோட்டுக்கு வெளியே. சாயங்காலம் ஆனா உங்க கூட வருவேன். ஊர்ப் பையங்களுக்கெல்லாம் மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுப்பீங்க. நான் தண்ணிப் பானை பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன்."

"அது பையங்க ஸ்கூல் முத்து."

"மைதானமுமா பையன்?"

அவரிடம் பதில் இருந்தது. அன்றைக்குத் தலைமை ஆசிரியர், அன்றைக்கு ஊர், அன்றைக்கு அவளுடைய அம்மா என்று வரிசையாக இருந்தது.

முத்தரசி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

அடுத்த சனிக்கிழமை அம்பலவாணன் மறுபடியும் வேலிக்கு வெளியே நின்றார். இந்தமுறை பந்தைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

முத்தரசி மைதானத்தின் நடுப்பகுதியில், ஓடுகிறவர்கள் மிதித்துப் போகிற மெத்தைகளில் இரண்டாவதற்குப் பக்கத்தில் நிற்கிறவள். தன் பக்கம் வரும் பந்தைப் பிடிப்பது அவள் வேலை. பந்து அவள் பக்கம் அபூர்வமாகத்தான் வந்தது.

ஆனால் எறிகிறவன் கையைத் தூக்கிய ஒவ்வொரு தடவையும் அவள் குனிந்தாள். முழங்கால் மடங்கியது. குதிகால் மண்ணை விட்டு எழும்பியது. அடித்தவன் வேறு பக்கம் அடித்தான், அல்லது அடிக்கவே இல்லை. அவள் நிமிர்ந்தாள். கையைத் தொடையில் துடைத்தாள். மறுபடியும் குனிந்தாள்.

அம்பலவாணன் எண்ண ஆரம்பித்தார். பி.டி. வாத்தியாருக்கு எண்ணாமல் இருக்க முடியாது.

ஆட்டம் முடிந்ததும் புனிதவதி வெளியே வருவதற்குள் அவரே வழியை மறித்து நின்றார்.

"அநியாயம்மா இது! என் மக நூத்திப் பன்னெண்டு தடவ குனிஞ்சு எந்திரிச்சிருக்கா. பந்து அவகிட்ட வந்தது மூணு தடவ. வெறும் மூணு தடவ! மீதி நூத்தி ஒம்பதும் என்ன கணக்கு? யாரு பார்த்தா அத? கைதட்டினவன் எவனாச்சும் உண்டா?"

புனிதவதி முகக் கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஆர் எண்ணினது?"

"நான்தான்."

"வேற என்ன பாத்தியள்?"

"அந்தச் சுருட்டை முடிக்காரன் மட்டையோட வந்தான்ல, அப்ப அவ வலது பக்கமா ரெண்டு எட்டு நகர்ந்தா. எறியுறதுக்கு முன்னாடியே! ஒருத்தரும் சொல்லல. அவளா நகர்ந்தா. பந்து நேரா அந்த இடத்துக்கே வந்துச்சு. எப்படித் தெரியும் அவளுக்கு?"

"எனக்குத் தெரியாது."

"நீங்க நடுவர்தான?"

"அவவைக் கேளுங்கோ."

"அவ என்கிட்ட பேச மாட்டேங்கா."

"அப்ப பேசுற மாதிரிக் கேளுங்கோ" என்றார் புனிதவதி. கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினார். "வாற சனி உள்ளுக்கு வந்து இருங்கோ."

"நான் மன்னிப்பே கேக்கலையே!"

"நான் கேட்டனானோ?"

அன்று சாயங்காலம் முத்தரசி வாசலில் உட்கார்ந்து காலணியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். அம்பலவாணன் பக்கத்தில் போய் நின்றார்.

"சுருட்டை முடிக்காரன் வந்தப்ப ஏன் நகர்ந்த?"

அவள் கை நின்றது.

"அதைப் பாத்தீங்களா?"

"பார்த்தேன். ஏன் நகர்ந்த?"

"அவன் மட்டையத் தூக்கும்போது முன்னங்கால் லேசா வெளிப்பக்கம் திரும்பும். அப்படித் திரும்பினா பந்து என் வலது பக்கம்தான் வரும்."

"யாரு சொல்லிக்கொடுத்தா?"

"யாரும் சொல்லிக்கொடுக்கல." குரல் சட்டென்று ஏறியது. "ஒன்பது வருஷமா ஆடறேன் அப்பா. போன்ல வாரா வாரம் பேசறீங்க. சாப்பிட்டியா, தூங்கினியா, கல்யாணம் எப்ப. ஒரு தடவ இதைக் கேட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"உங்க மைதானத்துல உக்காந்துதான் கத்துக்கிட்டேன். நீங்க பந்து வச்சிருக்கிற பையனயே பாத்துக் கத்திக்கிட்டிருப்பீங்க. நான் பந்து வராத பையன்களப் பாத்துக்கிட்டிருப்பேன். எனக்கு அவங்களத்தான் தெரியும்."

அம்பலவாணன் படியில் உட்கார்ந்தார். இன்னொரு காலணியை எடுத்து மண்ணைத் தட்ட ஆரம்பித்தார்.

"அந்த உயரமானவன்? நீலத் தொப்பி. அவன் வந்தா எங்க நிப்ப?"

அவள் சொன்னாள். முதலில் கோபமாகத்தான் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்னாலேயே அம்பலவாணன் வந்துவிட்டார். புனிதவதி வெள்ளைப் பலகையருகே நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிருங்க. அன்னைக்கு என் மக அவுட்டா, இல்லையா?"

"தெரியாது."

"தெரியாமயா கையைத் தூக்கினீங்க?"

"தூக்கேக்க தெரிஞ்சது. வீட்டை போனாப்பிறகு தெரியேல்லை."

"அடக் கொடுமையே! பிறகு எந்தத் தைரியத்துல இங்க வந்து நிக்கீங்க?"

புனிதவதி குனிந்தார். பிரஷ்ஷை எடுத்துப் பலகையைத் துடைத்தார். மூலைக்கு மூலை துடைத்தார். மண் இல்லாத இடத்தையும் துடைத்தார்.

அம்பலவாணன் கேட்பதற்கு இன்னும் நான்கு கேள்விகள் வைத்திருந்தார். அவற்றைக் கேட்காமல் போய் உட்கார்ந்தார்.

அன்றைய ஆட்டம் இழுபறி. கடைசிச் சுற்று. முத்தரசியின் அணி ஒரு ரன் பின்தங்கியிருந்தது. ஒருவர் ஏற்கெனவே அவுட். இன்னும் இரண்டு பேர் அவுட்டானால் ஆட்டம் முடிந்துவிடும். முத்தரசி மூன்றாவது மெத்தையில் நின்றாள். அவள் ஓடிவந்து வெள்ளைப் பலகையைத் தொட்டுவிட்டால் சமம்.

மட்டைக்காரன் அடித்தான். பந்து தரையோடு உருண்டது.

முத்தரசி ஓடினாள்.

பந்தை எடுத்தவன் எறிந்தான். பலகையருகே நின்றவன் பிடித்தான். முத்தரசி சறுக்கினாள். மண் ஒரு சுவராக எழும்பியது.

முஷ்டி உயர்ந்தது.

அவுட்.

முத்தரசி துள்ளி எழுந்தாள். முழங்காலில் ரத்தம். "தொட்டுட்டேன்! நான் தொட்டுட்டேன்!" முதலில் ஆங்கிலத்தில் கத்தினாள். பிறகு வேலியோரம் திரும்பிப் பார்த்தாள். அப்பா உட்கார்ந்திருந்த இடத்துக்கும் பலகைக்கும் நடுவே எந்த மறைப்பும் இல்லை.

"அப்பா! நீங்க பாத்தீங்கள்ல? சொல்லுங்க!"

அம்பலவாணன் எழுந்தார்.

அவர் தொண்டையில் ஒரு சத்தம் தயாராக இருந்தது. இந்தப் பிள்ளைக்காக இருபது வருஷத்துக்கு முன்னாலேயே போட்டிருக்க வேண்டிய சத்தம். ஒரு வார்த்தை போதும். அவள் முகம் அதற்காகக் காத்திருந்தது.

ஆனால் அவர் பார்த்திருந்தார். மண் எழும்புவதற்கு முன்னால் பார்த்திருந்தார். அவள் விரலுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தபோதே கையுறை முழங்காலைத் தொட்டுவிட்டது.

"அவுட்டும்மா" என்றார்.

"அப்பா!"

"முழங்கால்ல தொட்டான் முத்து. நல்லாப் பார்த்தேன். உன்னையத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

முத்தரசி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆத்திரத்தில்.

புனிதவதி முகக் கவசத்தைக் கழற்றினார்.

"ஐயா."

"சொல்லுங்கம்மா."

"உங்களிட்ட ஆர் தீர்ப்புக் கேட்டது?"

அம்பலவாணன் திகைத்தார். "நான் உங்க பக்கம்தான சொன்னேன்!"

"எனக்குப் பக்கம் இல்லை. வெளியில போங்கோ."

"என்னது?"

"வெளியில."

"அக்கிரமம்! கழுதைன்னு சொன்னாலும் வெளிய, சரின்னு சொன்னாலும் வெளியவா? இது எந்த ஊரு நியாயம்?"

புனிதவதி கையை நீட்டி வாசலைக் காட்டினார்.

ஒரு சத்தம் கேட்டது. முத்தரசி. மண்ணும் ரத்தமும் கண்ணீருமாக நின்ற இடத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா வந்த நாளிலிருந்து அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை.

"நீயும் சிரிக்கியா!" என்றார் அம்பலவாணன். செருப்பைத் தேய்த்துக்கொண்டு வெளியே நடந்தார்.

நடக்க நடக்க வார்த்தைகள் சேர்ந்தன. இந்தப் பெண்பிள்ளையை இன்றைக்கு விடக்கூடாது. நடுவர் என்றால் யார், மரியாதை என்றால் என்ன, பெரிய மனுஷனை எப்படி நடத்த வேண்டும், எல்லாவற்றையும் சேர்த்து, மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

வேலிக்கு அந்தப் பக்கம் போனார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார்.

உள்ளே ஆட்டம் தொடர்ந்தது. எறிகிறவன் பந்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு குனிந்து பார்த்தான். புது மட்டைக்காரன் பின்னங்காலை ஒரு விரற்கடை நகர்த்தி மண்ணில் ஊன்றினான்.

தூரத்தில், மைதானத்தின் கடைசி மூலையில், யாரும் பார்க்காமல் நின்றிருந்த ஒருத்தன் அதைப் பார்த்துவிட்டான். மெதுவாக, ஒரு எட்டு, இடது பக்கம் வைத்தான்.

"அடேய்" என்றார் அம்பலவாணன், மூச்சுக்குள்.

சொல்ல வந்தது என்னவென்று அவருக்கு நினைவில்லை.