குரல் வராத புதர்

கடலோர அலையாத்திக் காட்டை ஒட்டிய தாழம்புதர் ஒன்றில் செங்காதி என்ற தாய் முயல் இரண்டு குட்டிகளோடு இருந்தது. குட்டிகள் பிறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. ஆறாம் நாள் புயல் வந்தது.

எப்படிப்பட்ட புயல் என்று கேட்காதீர்கள். அதில் பிழைத்தவர்களுக்கே அதைச் சொல்ல வாய் வரவில்லை. காற்று ஓய்ந்து விடிந்தபோது காடு இருந்த இடத்தில் கடல் இருந்தது. பனைகள் தலையில்லாமல் நின்றன. ஒரு மணல் மேடு, அதன் ஓரத்தில் ஒரு புங்கமரம், அங்கங்கே புதர்களின் மேற்பகுதி, இவ்வளவுதான் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது.

தப்பிய விலங்குகள் மேட்டில் ஏறி நின்றன. அந்தக் காட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெள்ளம் வடியும்வரை யாரும் யாரையும் தின்னக் கூடாது. மீறினால் மேட்டிலிருந்து தண்ணீருக்குள் தள்ளிவிடுவார்கள். கட்டுப்பாடு இருந்தது, ஆனால் பயம் போகவில்லை. பக்கத்தில் நின்ற கருமூக்கன் நரியின் வாயை விட்டுக் கௌதாரி கண்ணை எடுக்கவே இல்லை.

காலையில் உள்நாட்டு ஏரியிலிருந்து கூழைக்கடாக்கள் கூட்டமாக வந்தன. தொண்டைப் பையில் நல்ல தண்ணீர், மீன், பழம் என்று சுமந்து வந்தன. அவற்றின் தலைவன் பெயர் பெருவாயன். நல்ல மனசு. ஆனால் அதன் வேலையில் யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

"கேட்டுக்கங்க. பறந்துக்கிட்டே கூப்பிடணும். பதில் குரல் வந்தா இறங்கணும். வரலைன்னா அடுத்த இடம். நமக்கு நேரமில்லை" என்று அது தன் கூட்டத்துக்குச் சொல்லிவிட்டது.

புங்கமரத்துக் குரங்குகளுக்கு இது போதாதா? முதல் நடையில் பழம் வாங்கின. இரண்டாம் நடையிலும் வாங்கின. மூன்றாம் நடையில் கன்னம் இரண்டும் உப்பியிருக்க, "பட்டினி, பட்டினி" என்று மரத்தையே உலுக்கின. பெருவாயன் அங்கேதான் இறங்கியது. குரல் வந்த இடம் ஆயிற்றே.

செங்காதியின் தாழம்புதருக்கு மேலேயும் பெருவாயன் பறந்தது. "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கூப்பிட்டது.

செங்காதிக்குக் கேட்டது. ஆனால் அது வாயைத் திறக்கவில்லை.

முயல்களின் வழக்கம் அப்படி. ஆபத்து வந்தால் மூச்சை அடக்கிக் கல் போல உட்கார்ந்துவிடும். பசித்தாலும் கத்தாது, அடிபட்டாலும் கத்தாது. பல்லில் மாட்டி உயிர் போகும் நேரத்தில் மட்டும் கத்தும். முயல் கத்தினால் அதன் கதை முடிந்தது என்று காட்டில் எல்லோருக்கும் தெரியும். செங்காதியின் அம்மா, அம்மாவின் அம்மா, எல்லோரும் வாயை மூடித்தான் பிழைத்தார்கள்.

"அம்மா, கூப்பிடுறாங்க. நாம இருக்கோம்னு சொல்லட்டுமா?" என்றது மூத்த குட்டி.

"பேசாதே. மேட்டுல நரி நிக்குது" என்றது செங்காதி.

பெருவாயன் இரண்டாம் முறையும் கூப்பிட்டது. "இங்க யாரும் இல்லை" என்று மற்றவற்றிடம் சொல்லிவிட்டுப் போனது. செங்காதி அதையும் கேட்டது.

மத்தியானம் கடல் ஏற்றம் தொடங்கியது. காலையில் காலடியில் இருந்த தண்ணீர் செங்காதியின் வயிற்றைத் தொட்டது. குட்டிகளைத் தாழை மடலின் மேல் ஏற்றி வைத்தது. மடல் வழுக்கியது. இளைய குட்டி இரண்டு முறை தண்ணீரில் விழுந்து எழுந்தது. முயலுக்கு நீந்தத் தெரியும். ஆனால் இரண்டு குட்டிகளைத் தூக்கிக்கொண்டு நீந்த எந்த முயலாலும் முடியாது. ஒன்றை விட்டுவிட்டுப் போகலாம். எதை விடுவது? செங்காதி மூத்ததைப் பார்த்தது, இளையதைப் பார்த்தது.

அப்புறம் அது வாயைத் திறந்து கத்தியது. வாழ்க்கையில் முதல் முறையாகக் கத்தியது. தன் குரலைக் கேட்டுத் தானே பயந்துபோனது.

மேட்டில் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. எல்லாக் கண்ணும் நரியின் பக்கம் திரும்பின.

"என்னை ஏன் பாக்குறீங்க? நான் இங்கதானே நிக்கிறேன்" என்றது கருமூக்கன்.

மேட்டில் இறங்கியிருந்த பெருவாயன் தலையைத் தாழ்த்திக்கொண்டது. "பாவம், முதலையோ மலைப்பாம்போ பிடிச்சிருக்கும். முயல் கத்திருச்சுன்னா இனிமே ஒண்ணும் செய்ய முடியாது. இருக்கிறவங்களைப் பார்ப்போம்" என்று சிறகை விரித்தது.

மறுபடியும் அந்தக் குரல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்தது. நரியின் காது நிமிர்ந்தது.

"பெரியவரே, கொஞ்சம் நில்லுங்க. அது சாகலை" என்றது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? எத்தனை முயல் என் வாயில கத்தியிருக்கு. சாகுற முயல் ஒரு தடவைதான் கத்தும். இது மூணு தடவை கத்திருச்சு. உசிரோட எங்கயோ மாட்டிக்கிட்டிருக்கு. உங்க வாய்ல நாலு முயல் உட்காரலாம். போய்த் தூக்கிட்டு வாங்க."

பெருவாயனுக்குச் சுருக்கென்றது. "முயலைப் பத்தி நரி சொல்லி நான் கேக்கணுமா? எனக்கு என் வேலை தெரியும்" என்று சொல்லிவிட்டுக் குரங்குகள் கத்திய பக்கம் பறந்துபோனது.

கருமூக்கன் தண்ணீரில் இறங்கியது. ஏன் இறங்கினாய் என்று பின்னால் பலரும் அதைக் கேட்டார்கள். "சும்மா நிக்க முடியலை" என்பதற்கு மேல் அதற்குச் சொல்லத் தெரியவில்லை.

"பசி தாங்கலை அவனுக்கு. கட்டுப்பாடு மேட்டுக்குத்தானே, தண்ணிக்கு இல்லையேன்னு போறான்" என்றது கீரி. எல்லாம் தலையாட்டின.

தாழம்புதருக்குள் நரியின் தலை நுழைந்ததும் செங்காதிக்கு மூச்சே நின்றுவிட்டது. கத்தியதற்குக் கூலி கிடைத்துவிட்டது என்று நினைத்தது. தண்ணீர் அதன் மார்புவரை ஏறியிருந்தது.

"பயப்படாதே தாயி. தூக்கிட்டுப் போக வந்திருக்கேன்" என்றது நரி.

"எதால தூக்குவே?"

நரிக்கு இருந்தது ஒரு வாய்தான். செங்காதி அந்தப் பற்களைப் பார்த்தது. போன மாசிமாதம் அதன் அக்காவை அந்தப் பற்கள்தான் கொண்டுபோயின.

"என்னைத் தின்னுக்க. பிள்ளைங்களை மட்டும் மேட்டுல விட்டுரு" என்றது.

"ஒண்ணைக் குடு. ஏற்றம் நமக்காக நிக்காது."

பின்னால் தண்ணீர், முன்னால் நரி. செங்காதி மூத்த குட்டியை மூக்கால் முன்னே தள்ளியது. தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. ஒரு தாய் அதற்கு மேல் என்ன செய்வாள்?

நரி குட்டியின் பிடரியைப் பல் படாமல் உதட்டால் கவ்வியது. பட்டினி கிடந்த வாயில் வெதுவெதுப்பான முயல். எச்சில் ஊறத்தான் செய்தது. அது தலையைத் தூக்கிக்கொண்டு நீந்தியது.

மேட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு என்ன தெரியும்? நரி வருகிறது, அதன் வாயில் முயல் குட்டி தொங்குகிறது. அவ்வளவுதான் தெரிந்தது.

"கட்டுப்பாட்டை மீறிட்டான். கரையேற விடாதீங்க!" என்று கீரி கத்தியது. குரங்குகள் முறிந்த கிளைகளை எடுத்து வீசின. ஒரு கிளை நரியின் கண்ணோரத்தைக் கிழித்தது. ஆமை ஓடுகளும் கிளிஞ்சல்களும் பறந்தன. முள்ளம்பன்றி முள்ளை விரித்துக்கொண்டு கரையை மறித்து நின்றது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் வாயைத் திறந்தால் குட்டி தண்ணீரில் விழும். நரி வாயைத் திறக்கவில்லை. கண்ணில் ரத்தம் வழிய நேராக முள்ளுக்குள்ளேயே ஏறியது. மூக்கில் நான்கு முள் இறங்கியது. மணலில் குட்டியை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே விழுந்தது.

குட்டி எழுந்து உடம்பை உதறியது. தும்மியது.

குரங்கு ஒன்று கையில் இருந்த கிளையை மெதுவாகக் கீழே போட்டது.

"இன்னொரு குட்டியும் தாயும் இருக்காங்க. தண்ணி கழுத்துக்கு வந்திருக்கும். இனிமே என்னால நீந்த முடியாது" என்றது நரி.

அப்போதுதான் அடுத்த நடைப் பழத்தோடு திரும்பி வந்திருந்த பெருவாயன் அதைக் கேட்டது. பையில் இருந்த பழத்தையெல்லாம் மணலில் கொட்டிவிட்டுப் பறந்தது.

ஆனால் எந்தப் புதர்? மேலிருந்து பார்த்தால் எல்லாத் தாழம்புதரும் ஒன்றுபோல இருந்தன. "முயலம்மா, எங்க இருக்கே?" என்று கூப்பிட்டது. பதில் இல்லை. தண்ணீர் செங்காதியின் வாய்வரை வந்துவிட்டது. எப்படிப் பதில் சொல்லும்? பெருவாயனுக்குக் குரலைக் கேட்டு இறங்கத்தான் தெரியும். இப்போது குரலே இல்லை.

முதல் புதரில் இறங்கி அலகால் மடல்களை விலக்கிப் பார்த்தது. இல்லை. அடுத்த புதரிலும் இல்லை. தாழை முள் தொண்டைப் பையைக் கிழித்தது. ஐந்தாவது புதரில் தண்ணீருக்கு மேல் இரண்டு காதுகளும் ஒரு மூக்கும் தெரிந்தன. காதுகளுக்கு நடுவில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. பெருவாயன் தண்ணீரோடு சேர்த்து இரண்டையும் அள்ளியது.

மேட்டில் இறக்கியதும் செங்காதி மூத்த குட்டியைத் தேடியது. அது நரியின் முன்னங்கால்களுக்கு நடுவில் குளிர் காய்ந்துகொண்டிருந்தது. செங்காதி அங்கே போகவும் முடியாமல், குட்டியை இழுக்கவும் முடியாமல் நின்றது. அப்புறம் இளையதையும் கூட்டிக்கொண்டு போய் நரியின் பக்கத்தில் உட்கார்ந்தது.

பெருவாயன் உட்காரவில்லை. காலையில் எந்தெந்தப் புதரில் பதில் வரவில்லையோ அந்தப் புதர்களுக்கெல்லாம் தன் கூட்டத்தோடு போனது. ஒன்றில் ஒரு வயற்காட்டு எலிக் குடும்பம் உயிரோடு கிடைத்தது. இன்னொன்றில் ஓர் ஆமை கவிழ்ந்து கிடந்தது, அதற்கும் உயிர் இருந்தது.

கழிமுகத்து ஓரப் புதரில் மூன்று முயல்கள் ஒன்றை ஒன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. காதுகளை உயர்த்தி எதையோ உற்றுக் கேட்பது போல இருந்தன. பெருவாயன் அலகால் தொட்டுப் பார்த்தது. மூன்றும் குளிர்ந்துபோயிருந்தன.

அந்தப் புதருக்கு மேல் பெருவாயன் அன்று காலையில் நான்கு முறை பறந்திருந்தது.

"நான் கூப்பிட்டேனே" என்றது. பொழுது சாயும்வரை அது அந்தப் புதரை விட்டு நகரவில்லை.

பெருந்துயரம் வந்த இடத்தில் கூப்பிடுகிறவர்களுக்குக் கொடுப்பது மட்டும் உதவி ஆகாது, பயத்தில் வாய் திறக்க முடியாதவர்களைத் தேடிப் போய்ப் பார்ப்பதுதான் உதவி.