ஐந்தாவது இலை

மலையடிவாரத்து மடத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர். குரு செல்லத்தம்மைக்கு வயது நாற்பத்திரண்டு. சீடர் திருமேனிக்கு அறுபத்தொன்று. தன்னைவிடச் சின்னவரிடம் போய் என்னத்தைக் கற்கப்போகிறார் என்று ஊரில் கேலி பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனைவி இறந்தபின் வீட்டில் பேச்சுக்குரலே இல்லாமல் போயிருந்தது. கிளம்பி வந்துவிட்டார். வந்த இடத்திலும் பேச்சு குறைவுதான்.

சமையல் அவர் பொறுப்பு. எட்டு மாதமாக ஒரே தவறு. இரண்டு பேருக்கு உலை வைக்கிறவர், ஐந்து பேருக்கு அரிசி போட்டுவிடுவார். இளவயதில் பஞ்சாலையில் வேலை பார்த்தபோது அவரையும் சேர்த்து ஐந்து பேர் ஒரே அறையில் கிடந்து, ஒரே பானையில் பொங்கித் தின்றவர்கள். கை அந்த அளவிலேயே நின்றுவிட்டது. செல்லத்தம்மை ஒன்றும் சொல்வதில்லை. மறுநாள் காலையில் மிச்சத்தைப் பழையசோறாகக் கரைத்துக் குடித்துவிடுவார்.

அன்று மதியம். சோற்றை இறக்கிவைத்துவிட்டு, திருமேனி துணிப்பையோடு வந்து நின்றார்.

"விடை குடுங்கம்மா. ரெண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்புறேன்."

"எங்கே?"

"அந்தப் பழைய ரூமுக்கு. காலியா இருக்காம், தகவல் வந்துச்சு. மிச்ச நாளை அங்கேயே கழிச்சிர்றேன்."

"கூட இருந்தவங்க?"

"மூணு பேர் போய்ச் சேந்துட்டாங்க. லாசரு எங்கே இருக்கான்னே தெரியல."

"வெறும் ரூமுக்கா போறீங்க?"

"சுவராவது இருக்குமேம்மா. இங்கே எனக்கு யாரு இருக்கா?"

சொன்ன பிறகுதான், சொன்னது யாரிடம் என்பது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

செல்லத்தம்மை எழுந்து கொல்லைக்குப் போனார். ஐந்து வாழையிலையோடு வந்தார். வரிசையாக விரித்துத் தண்ணீர் தெளித்தார்.

"பசியோட போகக்கூடாது. யாருக்கு எந்த இடம்?"

"யாருக்கும்மா?"

"உங்க ஆளுங்களுக்குத்தான். கூப்பிட்டு உட்கார வைங்க."

கிண்டலோ என்று பார்த்தார். அந்த முகத்தில் கிண்டல் இல்லை.

"வாசப்பக்கம் லாசரு. மில்லுச் சங்கு ஊதினா முதல்ல ஓடுறவன் அவன். அடுத்தது மாடக்கண்ணு, குழம்புக்குச் சோத்துல குளமே வெட்டுவான். அப்புறம் பிச்சாண்டி, அப்பளத் திருடன். சுவரோரம் காசிம். 'டேய் திருமேனி, இது சோறா சுண்ணாம்பாடா'ன்னு திட்டிக்கிட்டே மூணு தரம் வாங்குவான், பாவி."

சொல்லச் சொல்லக் குரல் இளகியது. நாலு இலையிலும் சோறு வைத்தார். மாடக்கண்ணுக்குக் குழம்பைத் தாராளமாக ஊற்றினார். சிரித்தார். பாதிச் சிரிப்பில் கண் நிறைந்துவிட்டது.

"அதுதாம்மா வாழ்க்கை. அந்த ருசி அப்புறம் வரவே இல்ல."

"நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார் செல்லத்தம்மை. "இன்னைக்குக் குழம்பு எப்படி?"

"இன்னைக்கா?"

"நீங்க வச்சதுதானே."

என்ன குழம்பு வைத்தோம் என்பது சட்டென்று நினைவுக்கு வரவில்லை. சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சுண்டைக்காய்.

"உப்புப் பாக்கலையேம்மா."

"எட்டு மாசமா நான்தான் பாக்கிறேன். ஒருநாள்கூடப் பக்குவம் தப்பினதில்ல. யார்கிட்டச் சொல்றதுன்னுதான் தெரியல."

செல்லத்தம்மை கரண்டியை அவர் கையிலிருந்து வாங்கி, ஐந்தாவது இலையில் தானே சோறு வைத்தார். ஆவி எழும்பியது. திருமேனி நின்றுகொண்டே இருந்தார். கீழே சாலையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"நேரமாச்சும்மா. போகட்டுமா, இருக்கட்டுமா? நீங்களே சொல்லுங்க."

செல்லத்தம்மை இலைகளை ஒருமுறை பார்த்தார்.

"கூப்பிட்டதும் இவங்க நாலு பேரும் வந்துட்டாங்க. அஞ்சாவது ஆளைத்தான் இன்னும் காணோம். அவர் வந்து ஒரு வாய் சாப்பிடட்டும். போறதா இருக்கிறதான்னு அவர்கிட்டயே கேட்டுக்கிறேன்."