பெரிய வீட்டு டிராக்டருக்குக் கொக்கி

மழை விட்டு ஈரம் காயத் தொடங்கியும் ஊரில் ஒருவரும் உழவில்லை. பெரிய வீட்டு ஏர் இறங்காமல் மற்றவர்கள் மண்ணைத் தொடக்கூடாது என்பது வழக்கம். அந்த வீட்டுப் பண்ணையார் ரத்தினசபாபதியோ அப்பாவின் பழைய டிராக்டருக்குப் பெயிண்ட் அடித்து, மாலை போட்டு, வாசலில் காட்சிக்கு வைத்திருந்தார். அதில் கலப்பை மாட்டக் கொக்கியே இல்லை.

ஊர் நெருக்கவும், வெல்டர் சடையனைக் கூப்பிட்டார்.

"கொக்கி மாட்டுடா. ஆனா ஒரு ஓட்டை போடக்கூடாது, வெல்டிங் வைக்கக்கூடாது. எங்கப்பா விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கணும்."

"அப்படியே செஞ்சிடறேங்க" என்ற சடையன் வண்டியின் பின்பக்கத்தைச் சுரண்ட ஆரம்பித்தான்.

"டேய், பெயிண்ட்டு!"

பெயிண்டோடு அதற்கடியில் அப்பியிருந்த பட்டிப் பூச்சும் உதிர்ந்தது. உள்ளே நான்கு பழைய ஓட்டைகள். பெரியவர் கொக்கி மாட்டியிருந்த இடம். அழகுக்காக மகன் அடைத்தது. சடையன் அதில் கொக்கியை வைத்துப் போல்ட்டை முடுக்கிவிட்டு எழுந்தான்.

"இப்பத்தாங்க உங்கப்பா விட்டுட்டுப் போன மாதிரி இருக்கு."

ஊர் சிரிக்க நிற்கவில்லை. ஏர் பூட்டப் போனது.