திறக்காத நான்காம் பங்கு

“அந்தப் பங்கையும் திறக்க அனுமதி கொடுங்கள், அம்மா” என்றார் அருளானந்தம்.

“கூடாது, ஐயா” என்றார் வேதநாயகி.

வேதநாயகி ஆசிரியர், வயது நாற்பத்தொன்று. அருளானந்தம் மாணவர், வயது அறுபத்தெட்டு. கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அகழாய்வு கற்க வந்தவர்.

பனையும் முளைக்காத செம்மணல் தேரியில் பத்தொன்பது பெருங்கற்கள் வட்டமாக நின்றன. வட்டத்தை நான்காகப் பிரித்து, மூன்று பங்கைத் தோண்டியிருந்தார்கள். நான்காவது, பின்னால் வருகிறவர்களுக்கு. அது அந்தத் தொழிலின் முறை.

திறந்த குழியில் ஒருவருடைய எலும்புகள். அருகே இரண்டு மண்கிண்ணங்கள். யாவற்றையும் அளந்து, வரைந்து, இருந்த இடத்திலேயே விட்டிருந்தார்கள். மாலைக்குள் மணலால் மூடிவிட வேண்டும்.

“கிண்ணம் இரண்டு, ஆள் ஒருவர். மற்றவர் அந்தப் பக்கம்தான் கிடக்கிறார்.”

“என்னிடம் மூக்குக்கண்ணாடி மூன்று இருக்கிறது. நான் மூன்று பேரா?”

அருளானந்தம் சிரிக்கவில்லை.

“ஒரு முழம் தோண்டினால் தெரிந்துவிடும், அம்மா.”

“என் ஆசிரியர் ஒரு வட்டத்தைக் கோயில் என்று எழுதினார். அது கல்லறை என்பதை, அவர் விட்டுவைத்த பங்கில்தான் கண்டேன். நம்மைத் திருத்த வருகிறவருக்கு நாம் எதை வைப்பது?”

“வருகிறவர் மெதுவாக வரட்டும். எனக்குத்தான் நாளில்லை.”

வேதநாயகி குறிப்பேட்டை நீட்டினார்.

“தோண்டுமுன் காரணம் எழுத வேண்டும். எழுதுங்கள்.”

அருளானந்தம் குறிப்பேட்டை வாங்கி மடியில் விரித்தார். பிறகு ஒரு வரி எழுதினார்:

‘தனியாகக் கிடக்கவில்லை என்று அறிவதற்காக.’

வேதநாயகி படித்தார்.

“யார், ஐயா?”

காற்று குழியின் விளிம்பிலிருந்து சிறிது மணலை உள்ளே தள்ளியது.

“ஞானசௌந்தரி. என் மனைவி. அவள் போனபோது நான் நடுக்கடலில் இருந்தேன். வந்து சேரப் பதினேழு நாள் ஆயிற்று. ஊரெல்லாம் ஒரு பிடி மண் போட்டிருக்கிறது. நான் போடவில்லை.”

குழியை மூட ஆட்கள் மண்வெட்டிகளோடு வந்தார்கள். வேதநாயகி கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார். குழியின் ஓரத்திலிருந்து தாமும் விலகி, அருளானந்தத்துக்கு வழி விட்டு நின்றார்.

“இதை இன்னும் மூடவில்லை, ஐயா” என்றார்.