புள்ளிக்குக் கிடைத்த அறை

பெண்கள் கபடிப் போட்டிக்கென்று ஓர் இணையதளம் இருந்தது. அதன் தரவுத்தளத்தில், நெய்தல் அணியின் வரிசையில், வெற்றி, சமன், புள்ளி என்று மூன்று தோழிகள் குடியிருந்தார்கள். வெற்றிக்கும் சமனுக்கும் சொந்த அறை உண்டு. புள்ளிக்கு இல்லை. யாராவது கேட்டால், ஒரு வெற்றிக்கு இரண்டு, ஒரு சமனுக்கு ஒன்று என்று இருவரிடமும் விசாரித்துக் கூட்டிச் சொல்லிவிட்டு மறைந்துபோவாள்.

போட்டி சூடுபிடித்தது. பட்டியலைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. ஒவ்வொருவருக்கும் புதிதாகக் கூட்டிக் கூட்டித் தளம் திணறியது. நிரல் எழுதும் அருள்செல்வி புள்ளிக்கும் ஓர் அறை கட்டிக்கொடுத்தாள்.

“அப்பாடா! இனி யாரையும் கேட்டு நிற்க வேண்டாம்” என்று புள்ளி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்போது வெற்றி நான்கு, சமன் ஒன்று, அவள் ஒன்பது.

கடைசி லீக் ஆட்டத்தில் நெய்தல் ஐந்தாவது முறையாக வென்றது. ஸ்கோர் குறிப்பவர் வெற்றியை மட்டும் மாற்றினார். பட்டியலில் ஒன்பது அப்படியே நின்றது. பத்து எடுத்த வேறோர் அணி இறுதியாட்டத்துக்குப் போனது.

அணித்தலைவி முத்துப்பேச்சி கைபேசியோடு ஓடி வந்தாள். “அக்கா, ஜெயிச்சது நாங்க, ஃபைனலுக்குப் போறது அவங்களா? ஆட்டம் தொடங்க இன்னும் அரை மணி நேரந்தான் இருக்கு!”

அருள்செல்வி கைபேசியை வாங்கிப் பட்டியலைப் பார்த்தாள். கணினியைத் திறந்தாள்.

உள்ளே புள்ளி கூசிப்போயிருந்தாள். “வெற்றி, நீ ஏறியதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீதான் கேட்பதையே விட்டுவிட்டாயே!” என்றாள் வெற்றி.

வாசலில் சேமிப்பு நின்றிருந்தார். அவரைத் தாண்டித்தான் எதுவும் உள்ளே போக முடியும். “ஐயா, நீங்களாவது என்னைத் திருத்தக் கூடாதா?” என்றாள் புள்ளி.

“கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள் தாயி. புது உத்தரவு வரட்டும்.”

வந்தது. இனி எது மாறினாலும், வெற்றியையும் சமனையும் கேட்டு, புள்ளியைப் புதிதாகக் கூட்டிய பிறகே சேமிக்க வேண்டும் என்று அருள்செல்வி விதியை மாற்றினாள். நெய்தலின் வரிசையை மறுபடி அனுப்பினாள்.

சேமிப்பு கைகாட்டி நிறுத்தினார். “வெற்றி?”

“ஐந்து!”

“சமன்?”

“ஒன்று!”

“அப்படியென்றால், புள்ளி?”

“பதினொன்று!” மூவரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

பட்டியலில் நெய்தல் மேலே ஏறியது. மைதானத்தில் இறுதியாட்டத்துக்கு விசில் பறந்தது. முத்துப்பேச்சி மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுக் களத்தில் இறங்கினாள்.

புள்ளி தன் அறைக்குத் திரும்பினாள். இம்முறை கதவைச் சாத்தவில்லை.