சுண்ணாம்புக் கோடு

செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய அந்தச் சின்ன ஓடுதளத்தில், இரண்டு பேர் உட்காரும் இலகு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் ஜெசிந்தா. வயது முப்பத்தொன்று. கற்றுக்கொண்டவர் ஐஸ் கம்பெனி முதலாளி சுடலைமணி. வயது ஐம்பத்து மூன்று. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். ஆனால் மேலே ஏறிவிட்டால் டீச்சர் சொன்னதுதான் சட்டம்.

ஒவ்வொரு பாடம் தேறும்போதும் அங்கே ஒரு துணி பேட்ஜ் கொடுப்பார்கள். தனியாக ஏறி இறங்கியதற்கு ஒன்று, பக்கக் காற்றில் இறங்கியதற்கு ஒன்று என்று சுடலைமணியின் சட்டையில் ஆறு சேர்ந்துவிட்டன. சட்டையைத் துவைக்கக்கூட மனுஷன் விடமாட்டார்.

ஏழாவது பாக்கி. ஆயிரம் அடி உயரத்தில் என்ஜினை அணைத்துவிடுவார்கள். ஓடுதளத்தின் குறுக்கே போட்டிருக்கும் சுண்ணாம்புக் கோட்டில் கொண்டுவந்து இறக்க வேண்டும். அது கிடைத்தால்தான் பக்கத்தில் ஆளை ஏற்றிக்கொள்ளலாம்.

அவர் மனைவி செல்லக்கனி கறாராகச் சொல்லியிருந்தாள். “ஏழும் வரட்டும், பெறவு ஏறுதேன். எனக்கு உசிரு வெல்லக்கட்டியில்லா?”

முதல் பரீட்சையில் ஜெசிந்தா பக்கத்தில் இருக்க, பனங்கூட்டத்தைத் தாண்டி வந்து சக்கரம் கோட்டின் மேலேயே தொட்டது. ஓரத்தில் நின்ற செல்லக்கனி கைதட்டினாள். சுடலைமணி மீசையைத் தடவிவிட்டுக்கொண்டு இறங்கி, கையை நீட்டினார்.

“பேட்ஜ் இல்ல அண்ணாச்சி,” என்றாள் ஜெசிந்தா.

“கோட்டுலதானே டீச்சர் எறக்குனேன்?”

“ஆமா.”

“பெறவு ஏன் இல்ல?”

அவள் வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நாலு நகங்கள் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது.

“என்ன டீச்சர் இது?”

“ஒங்க கையிலேருந்து ஓட்டுற ஸ்டிக்கப் பிடுங்கிரக் கூடாதுன்னு இறுக்குனது. பனங்கூட்டத்தத் தாண்டும்போது எதப் பாத்திய?”

“கோட்டத்தான்.”

“வேக முள்ள?”

சுடலைமணிக்கு ஞாபகம் இல்லை.

“வியாழக்கிழமை வாங்க,” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சின்னப் பிள்ளைக்கு என்ன திமிர் என்று வீடு போய்ச் சேரும்வரை முணுமுணுத்தார்.

வியாழக்கிழமை ஆடி பிறந்திருந்தது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும். அதனால் காலை ஆறரைக்கே கிளம்பினார்கள். செல்லக்கனி ஊசியும் சிவப்பு நூலும் எடுத்து வந்து கோட்டோரம் நின்றாள். பேட்ஜ் கிடைத்ததும் அங்கேயே தைத்துவிடுவதாகப் பேச்சு.

ஆயிரம் அடியில் ஜெசிந்தா என்ஜினை அணைத்தாள். அதன் பிறகு இறக்கையில் உரசும் காற்றின் சத்தம்தான்.

சுடலைமணி வளைத்து ஓடுதளத்துக்கு நேரே கொண்டுவந்தார். கீழே படுத்துக்கிடந்த காற்று மேலே எழுந்து உட்கார்ந்திருந்தது. நேர் எதிர்க்காற்று. முந்நூறு அடியில் பனங்கூட்டம் தெரிந்தது. அதற்கு அப்பால் கோடு, கோட்டோரம் செல்லக்கனியின் பச்சைச் சேலை. எட்டாது போலிருந்தது. கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் எட்டும் போலவும் இருந்தது.

ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுத்தார். விமானத்தின் மூக்கு தூக்கியது. கோடு கிட்டே வருகிற மாதிரி ஒரு மயக்கம்.

“டீச்சர், எட்டுமா?”

ஜெசிந்தா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“டீச்சர்!”

அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவர் முள்ளைப் பார்த்தார். எண்பது கிலோமீட்டரில் நிற்கவேண்டிய முள் அறுபத்தெட்டில் நின்றது. அறுபதுக்குக் கீழே போனால் இறக்கை தாங்காது, வண்டி கல்லாக விழும். அறுபத்தைந்து. ஸ்டிக் கைக்குள் நடுங்கியது.

போன தடவையும் இதே நடுக்கம் வந்தது. காற்றின் சேட்டை என்று நினைத்திருந்தார். அன்றைக்கு இரண்டு பேரும் தப்பியது தெய்வாதீனம்.

கோட்டோரத்திலிருந்து செல்லக்கனி கையை ஆட்டினாள்.

“கோடு போகட்டும்,” என்று வாய்விட்டுச் சொல்லி, ஸ்டிக்கை முன்னால் தள்ளினார். தரை எழும்பி வந்தது. எழுபது. இடது பக்கம் வற்றிய குளம் ஒன்று கிடந்தது. எழுபத்தெட்டு. பனைகளுக்கு முன்னாலேயே திருப்பினார். குளத்துக் கரை காலடியில் ஓடி மறைந்தது. சக்கரம் களிமண்ணைத் தொட்டுத் துள்ளி, மறுபடி தொட்டு, ஒரு வெடிப்பில் சிக்கி நின்றது.

கோடு அரைக் கிலோமீட்டருக்கு அப்பால், பனைகளுக்குப் பின்னால் இருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று சுடலைமணிக்கு அழுகை முட்டியது.

“போச்சு டீச்சர்.”

ஜெசிந்தா பெல்ட்டைக் கழற்றி இறங்கினாள்.

செல்லக்கனி ஒரு கையில் செருப்பும் மறு கையில் ஊசியும் நூலுமாகக் கரையேறி ஓடிவந்தாள். வந்ததும் செருப்பைப் போட்டுவிட்டுப் புருஷனின் தோளையும் தலையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“எங்கயும் அடி பட்டுச்சா?”

“ஒண்ணும் இல்ல. கோட்டுக்கு வரலடி.”

ஜெசிந்தா சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையை விரித்தாள். ஏழாவது பேட்ஜ். இன்று அந்தக் கையில் நகக்குறி இல்லை.

“மதினி, ஊசியில நூலக் கோத்துக்கோங்க.”

சுடலைமணி பேட்ஜைப் பார்த்தார். பனைகளின் பக்கம் பார்த்தார்.

“கோடு அங்கல்லா இருக்கு டீச்சர்?”

“கோடு அங்கயே இருக்கட்டும் அண்ணாச்சி. நீங்க இங்க இருக்கியல்லா?”