ஓட்டக்காரனின் மணியைச் சுமந்த கிடா

மழை வந்தால் ராஜாவும் தவளையும் ஒன்றாய்க் குதித்த காலம் ஒன்று இருந்தது. பிள்ளைகளே, இந்தக் கதை அந்தக் காலத்தில் நடந்தது. பெரியவர்களும் கேட்கலாம், தப்பில்லை.

அந்த ராஜாவின் சீமையில் ஒரு பெரிய கண்மாய். அதற்கு மேற்கே நொச்சியூர், கிழக்கே இலுப்பையூர். முதல் தண்ணீர் யாருக்கு என்று வருஷா வருஷம் மண்டை உடையும். உடைந்த மண்டைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன ராஜா ஒரு கட்டளை போட்டார். கண்மாய் நிறைந்ததும் மடைக்காவலன் முரசு அடிப்பான். முரசு கேட்டதும் ஊருக்கு ஒருவன் ஓடி வரவேண்டும். மடைக்கல்லை முதலில் தொடுகிறவனின் ஊருக்கு முதல் தண்ணீர். மற்ற ஊருக்கு மிச்சத் தண்ணீர்.

மிச்சத் தண்ணீர் என்றால் நல்ல வருஷத்தில் அரை வயிற்றுக் கஞ்சி. கெட்ட வருஷத்தில் வெறும் சேறு.

நொச்சியூருக்காக ஓடியவன் மருதாண்டி. நீளக் கால், குறைந்த பேச்சு. யார் எது சொன்னாலும் தலையாட்டிவிடுவான், அது ஒன்றுதான் அவனிடம் குறை.

முதல் வருஷம் கை நீட்டும் தூரத்தில் தோற்றான். ஊர் கூடியது. ஓட்டம் போதவில்லை என்றார் ஊர்த்தலைவரான அம்பலகாரர். இனிமேல் அவன் காலையில் ஓட வேண்டும், உச்சியில் ஓட வேண்டும், அந்தியில் ஓட வேண்டும். ஓடுகிறானா என்று பார்க்க யாருக்கு நேரமிருக்கிறது? அவன் இடுப்பில் ஒரு மணிச்சரத்தைக் கட்டிவிட்டு, காவல் வேலையைக் காதுக்குக் கொடுத்தார்கள். மணி சத்தம் கேட்டால் ஊருக்கு நிம்மதி. சத்தம் நின்றால் வாசலில் ஆள் வந்து நிற்பான்.

"என்ன மச்சான், காலுக்குத் தாலாட்டு நடக்குதா?"

கண்மாயில் தண்ணீர் ஏற ஏற ஊருக்குப் பயமும் ஏறியது. தண்ணீர் ஒரு படி ஏறினால், மருதாண்டிக்கு இன்னும் ஒரு ஓட்டம் கூடியது. அப்படித்தான் இரண்டாம் வருஷம், உச்சி ஓட்டம் முடித்து அவன் தண்ணீர்ச் செம்பைத் தூக்கிய நேரத்தில் முரசு அடித்தது. செம்பைப் போட்டுவிட்டு ஓடினான். பாதிப் பொட்டலில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. மீதித் தூரத்தை நொண்டியே கடந்தான். அவன் போய்ச் சேர்ந்தபோது இலுப்பையூர்க்காரன் மடைக்கல்லில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் நொச்சியூருக்குச் சேறுதான் வந்தது. சில குடும்பங்கள் மாடுகன்றோடு ஊரை விட்டுப் போயின. இருந்தவர்கள், இன்னும் ஓடியிருக்க வேண்டும் என்றார்கள். மருதாண்டியும் அதையே நம்பினான். தோற்றவனுக்கு ஊர் சொல்வதெல்லாம் நியாயமாகத்தான் தெரியும். படுத்தால் கண் மூடும், கால் மூடாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

அவன் மனைவி காமாயி ஒருநாள் அம்பலகாரர் வயலுக்குக் களை எடுக்கப் போனாள். உச்சி வெயில் ஏறியதும், பக்கத்து வயலில் உழுதுகொண்டிருந்த அம்பலகாரர் ஏரை அவிழ்த்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார், நிழலில் கட்டினார், கழுத்தைத் தடவிக் கொடுத்தார். பொங்கல் சமயத்தில் அதே மாடு வண்டிப் பந்தயம் ஓடவேண்டும். பந்தயம் நெருங்கினால் அதற்கு ஏரே கிடையாது, தீனியும் நிழலும்தான். அதுவும் ஊருக்கே தெரிந்த வழக்கம்.

வீட்டுக்கு வந்தவள் புருஷன் காலுக்கு விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ அம்பலகாரர் வீட்டு மாடாப் பொறந்திருக்கலாம். உச்சியில அவுத்தாவது விட்டிருப்பாங்க."

மருதாண்டி சிரிக்கவில்லை. காலை மடக்கி நீட்டிப் பார்த்தான். பிறகு, "மணி நின்னா வந்துருவாங்களே, காமாயி" என்றான்.

"மணி நிக்காது. நீ நில்லு."

அவர்கள் வீட்டில் ஒரு ஆட்டுக்கிடா இருந்தது. நின்ற இடத்தில் நிற்காத ஜென்மம். மணிச்சரம் அதன் கழுத்துக்குப் போனது.

அன்றிலிருந்து கணக்கு மாறியது. ஒருநாள் மருதாண்டி மூச்சு முட்ட ஓடுவான், மடைக் கரையின் மேட்டில் உயிரைக் கொடுத்து ஏறுவான். மறுநாள் ஆட்டுக்குப் பின்னால் சும்மா நடப்பான். அதற்கு மறுநாள் கம்பங்கூழைக் குடித்துவிட்டுப் புங்கமரத்தடியில் தூங்குவான். மழை தொடங்கி, தண்ணீர் படி ஏற ஏற, ஓட்டத்தைக் குறைத்தான். குறைத்தாலும் விட்டுவிடவில்லை. காலுக்கு வழி மறக்காத அளவுக்கு ஓடினான். கிடாவுக்கு வேலை கூடியது.

ஊர் காதுகுளிரக் கேட்டது. "பய இந்த வருஷம் வெறி பிடிச்சு ஓடுறான்" என்று பேசிக்கொண்டது.

கண்மாய் விளிம்பைத் தொடும் சமயம். அம்பலகாரர் சாப்பிட உட்கார்ந்தார். அவருடைய அகத்திக் கொல்லைக்குள்ளேயே மணி கேட்டது. ஓட்டக்காரன் கீரைக்குள் ஏன் ஓடுகிறான் என்று எட்டிப் பார்த்தார். கிடா அகத்தியை மேய்ந்துகொண்டே அவரை மரியாதையாய் ஒரு பார்வை பார்த்தது.

எச்சில் கையோடு கிளம்பினார். பின்னால் ஊர் கிளம்பியது. மருதாண்டி புங்க நிழலில், வாய் லேசாய்த் திறந்து, நல்ல தூக்கத்தில் கிடந்தான்.

"ஊர் வயலையெல்லாம் தலைக்கு வெச்சுத் தூங்குறியேடா, பாவி" என்றார் அம்பலகாரர். அவர் குரலில் கோபத்தைவிட அழுகைதான் கூடுதல். இவனைத் தள்ளிவிட்டு வேறு ஆளை நிறுத்தலாமா என்று ஊர் முணுமுணுத்தது.

அப்போது முரசு அடித்தது.

வேறு ஆளை நிறுத்த நேரமில்லை. மருதாண்டி எழுந்தான், வேட்டியை இறுக்கினான், ஓடினான்.

வரப்பில் ஓடும்போதே கால் அவனுக்குச் சொந்தமாய் இருந்தது. எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அது அவன் சொன்னதைக் கேட்டது. பொட்டலில் மூச்சு அவனுக்கு முன்னால் ஓடவில்லை, கூடவே வந்தது. கரைமேட்டுக்கு வந்தபோது எதிர்ப்பக்கத்தில் இலுப்பையூர்க்காரன் ஏறிக்கொண்டிருந்தான். போன வருஷம் ஜெயித்தவனை அவன் ஊர் அதற்கப்புறம் உட்காரவே விடவில்லை போலும். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது, ஒவ்வொரு அடியையும் கடன் வாங்கி வைப்பவன் மாதிரி ஏறினான். மருதாண்டிக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இருந்தாலும் நிற்கவில்லை. இரண்டு கையாலும் மடைக்கல்லைத் தொட்டான்.

நொச்சியூர் வாய்க்காலில் முதல் தண்ணீர் நுரையோடு இறங்கியது. ஊர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது.

அன்று மாலையே அம்பலகாரர் ஊரைக் கூட்டினார். விஷயம் புரிந்துவிட்டது என்றார். இனிமேல் மருதாண்டி காலையில் தூங்க வேண்டும், உச்சியில் தூங்க வேண்டும், அந்தியில் தூங்க வேண்டும். எழுந்து ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள மரத்தடியில் காவல். ஊர் ஆமாம் ஆமாம் என்றது.

மருதாண்டி வழக்கம்போல் தலையாட்டப் போனான். பாதியில் தலையை நிறுத்திக்கொண்டான்.

"மாட்டேன், மாமா" என்றான். "படுத்துக் கெடந்தே ஜெயிக்க முடியும்னா, நம்ம ஊருல பாதிப் பேரு என்னைவிடப் பெரிய ஓட்டக்காரன். நாளைக்கு ஓய்வு. நாளன்னைக்கு ஓடுவேன். என்னைக்கு ஓடணும், என்னைக்குப் படுக்கணும்னு என் காலைக் கேட்டுச் சொல்றேன்."

ஊர் சிரித்தது. அம்பலகாரரும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

ஆகவே கேட்டவர்களே, உழைப்பு காலுக்குப் பலம், ஓய்வு அந்தப் பலத்துக்குப் பலம், இரண்டையும் அளவறிந்து கொடுப்பவனே வேண்டிய நாளில் வேண்டிய இடத்தை எட்டுவான்.